இரண்டாம் நம்பர் பெட்டி

பிப்ரவரி 9

போன வருஷம் சிட்டுக்குருவி கூடு கட்டட்டும் என்று தோட்டத்தில் மூன்று பெட்டி மாட்டினேன், ஒன்றுக்குக்கூட குருவி வரவில்லை. ஒன்றாம் நம்பரில் குளவி, மூன்றாம் நம்பரில் பல்லி, இரண்டாம் நம்பர் சும்மாவே தொங்கியது. குருவியைக் குறை சொல்லிப் பயனில்லை, எல்லாம் என் கைவரிசை. அழகாக இருக்கட்டும் என்று உள்ளேயும் வெளியேயும் பெயின்ட் அடித்திருந்தேன், வாசலுக்குக் கீழே உட்கார ஒரு குச்சி வேறு. அந்தக் குச்சி குருவிக்குத் தேவையே இல்லை, செங்குத்தான பலகையில்கூட அது நகத்தால் பற்றிக்கொண்டு தொங்கும். குச்சியால் பலன் அடைவது, அதில் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்க்கிற காக்காய்தான்.

இன்று இரண்டாம் நம்பரை மட்டும் புதிதாக அடித்தேன். பெயின்ட் கிடையாது, 2 சென்டிமீட்டர் கனமுள்ள வெறும் பலகை. வாசல் ஓட்டை 32 மில்லிமீட்டர்: சிட்டுக்குருவி நுழையும், மைனா நுழையாது. ஓட்டைக்கும் தரைப்பலகைக்கும் நடுவே 15 சென்டிமீட்டர், பூனை கையை விட்டுத் துழாவினால் சுலபத்தில் எட்டக்கூடாது. அடியில் நாலு மூலையிலும் தண்ணீர் வடியச் சின்னத் துளை. வாசல் பலகையின் உட்புறத்தை ஆணியால் குறுக்குக் குறுக்காகக் கீறிவிட்டேன், குஞ்சு ஏறி வரும்போது நகம் பிடிக்க ஏதாவது வேண்டுமே. மேல்மூடிக்குக் கீல் போடவில்லை, இரண்டு திருகாணி போட்டு இறுக்கிவிட்டேன். கீல் இருந்தால் தினமும் திறந்து பார்ப்பேன் என்று எனக்கே தெரியும்.

மரத்தில் மாட்டினால் பூனை ஏறும். அதனால் மதிய வெயில் படாத சுவரில், கூரை விளிம்புக்கு அடியில், சுவரோடு ஒட்டாமல் இரண்டு இரும்புத் தாங்கியில் நிறுத்தியிருக்கிறேன். ஏணி வைத்தால்தான் எட்டும்.

பிப்ரவரி 13

வந்துவிட்டது! ஆண் குருவி. தொண்டையில் கருப்பு பூசிய மாதிரி இருக்கிறதே, அதுதான் அடையாளம். காலை ஆறரைக்கே வாசலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு சிலிப், சிலிப் என்று ஒரே சத்தம். பாட்டு என்று சொல்ல முடியாது, ஒரே எழுத்தை நிமிஷத்துக்கு நாற்பது தடவை சொல்வதற்குப் பெயர் பாட்டா? ஆனால் அதற்கு அதுதான் கல்யாண விளம்பரம். முதலில் ஆண் ஓர் இடத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், வீட்டைக் காட்டித்தான் பெண்ணைக் கூப்பிடும்.

அம்மா சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அடைக்கலாங்குருவி வந்துடுச்சா?" என்றாள். எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும். மனையுறை குருவி என்றும் ஒரு பழைய பெயர் உண்டு. 1758-இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் வைத்த அறிவியல் பெயரிலும் 'டொமெஸ்டிகா' என்று வீட்டைச் சேர்த்தே வைத்திருக்கிறார். எந்த ஊர்க்காரன் பெயர் வைத்தாலும் வீடு உள்ளே வந்துவிடுகிறது.

பிப்ரவரி 17

பெண் வந்தது, உள்ளே போனது, கால் நிமிஷத்தில் வெளியே வந்து பறந்துவிட்டது. ஆண் பின்னாலேயே ஓடியது. நானும் இரண்டு மணி நேரம் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 24

நாலு நாளாகக் கட்டுமானம். காய்ந்த புல், வேர், காகிதத் துண்டு, கோழி இறகு, எங்கிருந்தோ ஒரு பஞ்சு. குருவிக்கு நேர்த்தி கிடையாது, பெட்டியை அடைத்துத் தள்ளுவதுதான் கொள்கை. ஒரு முழ நீளப் புல்லை வாயில் குறுக்காகப் பிடித்துக்கொண்டு ஓட்டையில் மோதி மோதிப் பார்த்தது, ஆறாவது தடவைதான் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் உள்ளே போகும் என்று புரிந்தது. மெக்சிகோ நகரத்துக் குருவிகள் சிகரெட் துண்டிலிருந்து பஞ்சைப் பிய்த்துக் கூட்டில் வைப்பதையும், அந்தப் பஞ்சு அதிகமுள்ள கூடுகளில் ஒட்டுண்ணி குறைவாக இருப்பதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை, எனவே இதற்கு அந்த வசதி கிடையாது.

ஒரு விஷயம்தான் பயமாக இருந்தது. செடிக்கு முட்டுக் கொடுத்துக் கட்டியிருந்த நைலான் நூலைப் பெண் குருவி பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அது கூட்டுக்குள் போனால் குஞ்சின் காலில் சுற்றிக்கொள்ளும், குஞ்சு பெருக்கப் பெருக்க நூல் இறுகும். தோட்டத்தில் தொங்கிய நூல் மொத்தத்தையும் அறுத்துக் குப்பையில் போட்டேன். ஏற்கெனவே எத்தனை உள்ளே போயிருக்கிறதோ.

மார்ச் 1

இரண்டும் இல்லாத நேரமாகப் பார்த்து ஏணியில் ஏறி, திருகாணியைக் கழற்றி, மூடியைத் தூக்கினேன். மேலே பார்த்தால் வெறும் புல் குவியல்தான், குழி ஒரு மூலையில் இறகுக்குள் புதைந்திருக்கிறது. சின்னக் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து டார்ச் அடித்தேன். ஒரு முட்டை. வெள்ளையில் லேசாகச் சாம்பல் கலந்து, அதன்மேல் பழுப்புத் தூள் தூவி, ஒரு முனையில் தூள் கொஞ்சம் அதிகமாகக் கொட்டிவிட்ட மாதிரி. ஒரு நிமிஷத்துக்குள் மூடிவிட்டு இறங்கிவிட்டேன்.

"தொட்டியா?" என்றாள் அம்மா. "தொட்டா தாய் சேர்க்காதுடா." இல்லை என்றேன். மனித வாடை பட்டால் தாய் கைவிட்டுவிடும் என்பது உண்மையில்லை, பறவைகள் அந்த அளவுக்கு வாடையை நம்பி வாழ்வதில்லை. ஆனால் அடிக்கடி போய்த் தொந்தரவு செய்தால் கைவிடும், குறிப்பாக முட்டையிடும் நாட்களில். ஆக, காரணம் தப்பு என்றாலும் அம்மா சொல்வது சரிதான்.

மார்ச் 4

ஒரு நாளைக்கு ஒன்றாக நாலு. நாலாவது மற்றவற்றைவிட வெளிறியிருக்கிறது, கடைசி முட்டை பெரும்பாலும் அப்படித்தான் இருக்குமாம். மூன்றாவது முட்டை வந்த அன்றே பெண் நன்றாக உட்கார ஆரம்பித்துவிட்டது. அப்படியானால் நாலாவது கொஞ்சம் பின்தங்கிப் பொரியும்.

மார்ச் 9

எழுத ஒன்றுமில்லை. உள்ளே போகிறது, வெளியே வருகிறது. ஆணும் அவ்வப்போது உள்ளே போய் உட்காருகிறது, ஆனால் வயிற்று இறகு உதிர்ந்து வெறும் தோலாகி முட்டைக்கு நேராகச் சூடு கொடுக்கும் வசதி பெண்ணுக்குத்தான். ஆண் உட்காருவது ஆறிப்போகாமல் பார்த்துக்கொள்கிற வேலை. மூடியைத் திறக்கவில்லை. திறக்க ஆசையாக இருந்தது என்பதையும் எழுதிவைக்கிறேன்.

மார்ச் 15

காலையில் பெட்டிக்கு நேர் கீழே பாதி முட்டை ஓடு. உள்விளிம்பு ஈரமாக இருந்தது. அப்புறம் ஆண் குருவி வாயில் பச்சைப் புழுவோடு வந்தது. அதுவரை தானியம் பொறுக்கித் தின்ற ஜீவன், குஞ்சு வந்ததும் புழு, பூச்சி, சிலந்தி என்று மாறிவிட்டது. முதல் சில நாள் குஞ்சுக்குக் கிட்டத்தட்ட முழுக்கப் பூச்சிதான், புரதம் இல்லாமல் அந்த வேகத்தில் வளர முடியாது. தோட்டத்தில் மருந்து அடிக்காமல் விட்டதற்கு இன்றுதான் சந்தோஷப்பட்டேன்.

மாலையில் ஒரே ஒரு தடவை பார்த்தேன். மூன்று குஞ்சு, ஒரு முட்டை. குஞ்சு என்பதே பெரிய வார்த்தை, மூன்று கிராம்கூட இருக்காது. ரோமமே இல்லாத இளஞ்சிவப்புத் தோல், மூடிய கண் இரண்டும் கருநீலப் பொட்டு மாதிரி வீங்கியிருக்கிறது, தோலுக்கு அடியில் வயிறு துடிப்பது தெரிகிறது. பலகை லேசாக ஆடியதும் மூன்று தலையும் ஆடிக்கொண்டே எழும்பின. மஞ்சள் விளிம்பு வைத்த சிவப்பு வாய்கள். இரை வந்துவிட்டது என்று நினைத்துவிட்டன.

மார்ச் 16

நாலாவதும் பொரித்துவிட்டது. ஒரு நாள் இளையது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நாள் வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று தெரிகிறது.

மார்ச் 18

இன்று முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வாசலை மட்டும் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் பதினேழு தடவை இரை வந்தது. வெளியே போகும்போது பல தடவை வாயில் வெள்ளையாக ஏதோ இருந்தது. அது குஞ்சின் எச்சம். வழவழப்பான ஒரு பைக்குள் கட்டிய பொட்டலமாக வரும், வாய்க்கு இரை விழுந்த கையோடு குஞ்சு திரும்பிப் பின்புறத்தைத் தூக்கிக்காட்டும், தாய் அப்படியே கவ்விக்கொண்டு போய்த் தூரத்தில் போட்டுவிடும். டயபர் கண்டுபிடித்தவர்கள் இதைப் பார்த்து வெட்கப்படலாம்.

மார்ச் 20

உலகச் சிட்டுக்குருவி நாள். 2010-இலிருந்து கொண்டாடுகிறார்கள். காலையிலிருந்து போனில் ஒரே குருவி வாழ்த்து, அதில் பாதி செல்போன் கோபுரத்தால்தான் குருவி அழிந்தது என்கிறது. அதை உறுதிசெய்யும் ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. ஓட்டை உடைசல் இல்லாத புதுக் கட்டடம், குஞ்சுக்குக் கொடுக்கப் பூச்சி இல்லாமல் போனது, இவை எல்லாம் நம் கண் முன்னால் இருக்கிறது, ஆனால் கோபுரத்தைத் திட்டுவது சுலபம்.

அந்த வாழ்த்துகளைப் படித்துக்கொண்டே தோட்டத்துக்குப் போனேன். பெட்டிக்குக் கீழே, மண்ணில், நாலாவது கிடந்தது. கண் இன்னும் திறக்கவில்லை. மற்றவற்றில் பாதிகூட இல்லை அளவில். வயிறு ஒட்டிப்போயிருந்தது. இரை கொண்டுவரும் குருவி எந்த வாய் உயரமாக எழும்புகிறதோ அதில்தான் போடுகிறது, இதன் வாய் கடைசிவரை எழும்பவே இல்லை போல. உள்ளேயே செத்து, தாய் இழுத்துப் போட்டிருக்க வேண்டும். உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியவில்லை. செடிக்கடியில் புதைத்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை, அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

மார்ச் 22

எறும்பு! சுவரில் வரிசையாக ஏறி, தாங்கி வழியாகப் பெட்டிக்குள். இதற்கு மட்டும் யோசிக்கவே இல்லை, ஏணியை எடுத்தேன். உள்ளே பத்துப் பதினைந்து எறும்புதான், குஞ்சுகளைக் கடிக்கவில்லை, ஒரு மூலையில் காய்ந்த ஏதோ ஒன்றை மொய்த்திருந்தன. அதை எடுத்துவிட்டு, சுவரில் இருந்த தடத்தை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்து, இரண்டு தாங்கியிலும் சுவர்ப் பக்கமாக வாஸ்லின் களிம்பு தடவினேன். குருவி படுகிற இடத்தில் தடவக்கூடாது, இறகு ஒட்டிக்கொள்ளும். பூச்சிமருந்து பற்றிப் பேச்சே இல்லை.

அவசரத்திலும் குஞ்சுகளைப் பார்த்தேன். கண் திறந்துவிட்டது. சிறகிலும் முதுகிலும் இறகுக் குருத்துகள் நீலச்சாம்பல் முள்ளாக எழும்பி, நுனியில் மட்டும் தூரிகை மாதிரி லேசாக விரிந்திருக்கின்றன. பார்க்க முள்ளம்பன்றிக் குட்டி.

மார்ச் 27

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

பொரித்துப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டால் பெட்டியைத் திறக்கக்கூடாது. எனக்குத் தெரியும், பத்துப் பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். இன்றோடு பன்னிரண்டு. எறும்பு மறுபடி வந்திருக்குமோ என்று ஒரு சாக்கைச் சொல்லிக்கொண்டு மதியம் ஏறினேன். தாங்கியில் ஒரு எறும்பும் இல்லை என்பது ஏணியின் பாதியிலேயே தெரிந்துவிட்டது, அங்கேயே இறங்கியிருக்கலாம். மூடியை ஒரு விரல் தூக்கியதும் ஒன்று குபீரென்று என் தோளுக்கு மேலாகப் பாய்ந்தது. பறத்தல் இல்லை, விழுதல். செடிகளுக்கு நடுவே எங்கோ. பெற்றோர் இரண்டும் கூரையில் நின்று கத்த ஆரம்பித்துவிட்டன. மற்ற இரண்டும் கிளம்புமுன் மூடியைப் போட்டேன்.

அம்மாதான் கண்டுபிடித்தாள், தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே, வாலே வளராமல், கண்ணை உருட்டிக்கொண்டு. அதை உள்ளே விட்டுவிட்டு வாசலைத் துணியால் அடைத்தேன். அப்படிச் செய்யாவிட்டால் விட்ட கையோடு திரும்பக் குதிக்கும். இருட்டில் கால் மணி நேரம் இருந்தால் அடங்கிவிடும். அந்தக் கால் மணி நேரமும் ஏணியிலேயே நின்றேன், இரை பிடித்துக்கொண்டு வந்த ஆண் குருவி வாசலைக் காணாமல் என் தலையைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. துணியை மெதுவாக உருவினேன். யாரும் குதிக்கவில்லை. நான் இறங்கி உள்ளே போய் இருபது நிமிஷம் கழித்துத்தான் முதல் இரை போனது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. திருப்புளியை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

மார்ச் 30

இப்போது மூன்றும் முறைவைத்து வாசலுக்கு வருகின்றன. தலையை நீட்டினால் வாய் ஓரத்து மஞ்சள் மட்டும்தான் குஞ்சு என்று காட்டிக்கொடுக்கிறது, மற்றபடி முழுக் குருவி. பெற்றோர் வேண்டுமென்றே இரையை வாசல் வரை கொண்டுவந்துவிட்டுக் கொடுக்காமல் திரும்புகின்றனவா, அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறதா?

மார்ச் 31

ஆறு ஐம்பதுக்கு முதல் குஞ்சு. ஓட்டையில் பாதி உடம்பு நீட்டி, உள்ளே போய், திரும்ப நீட்டி, இப்படி ஏழு தடவை. அப்புறம் விழுந்தது, பாதியில் சிறகு பிடித்தது, எதிர்ச் சுவர் வரை போய் மோதாமல் உட்கார்ந்தது. இரண்டாவது பத்தே நிமிஷத்தில், யோசனையே இல்லாமல். மூன்றாவதுக்காக ஒன்பதரை வரை காத்திருந்தேன், தண்ணீர் குடிக்க உள்ளே போன நேரத்தில் அது போய்விட்டது. நான் பிடித்து உள்ளே விட்டது எந்தக் குஞ்சு என்று அடையாளம் தெரியவில்லை. மூன்றும் செடிக்குள் சத்தம் போடுகின்றன, மூன்றையும் தனித்தனியாக எண்ணிவிட்டேன், இரண்டு தடவை.

ஏப்ரல் 3

குஞ்சுகளுக்கு இரை கொடுப்பது இப்போது பெரும்பாலும் அப்பன்தான். சிறகை நடுக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடுகின்றன, காலடியில் தானியம் கிடந்தாலும் வாயில் போடச் சொல்கின்றன. இன்னும் ஒரு வாரம் பத்து நாள் இப்படித்தான். பூனை ஒரு தடவை வந்தது, அம்மா தண்ணீர் ஊற்றி விரட்டினாள்.

அம்மாவிடம் கேட்டுத் திருப்புளியை வாங்கிப் பழைய கூட்டை எடுத்தேன். பிரித்துப் பார்த்தால் புல், இறகு, பேருந்துச் சீட்டு மாதிரி ஒரு காகிதம், என் பழைய போர்வையின் நூல், அடியில் ஒரு சாண் நைலான். நல்லவேளை, யார் காலிலும் மாட்டவில்லை. பெட்டியைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காயவைத்தேன்.

ஏப்ரல் 6

மதியம் மாட்டினேன். சாயங்காலம் நாலரைக்குப் பெண் குருவி ஒரு கோழி இறகோடு வாசலில் நின்றது. இறகு நீளம், குறுக்காகப் பிடித்திருந்தது, இரண்டு தடவை மோதியது, மூன்றாவது தடவை நுனியைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டது. திருப்புளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.