புது கிளவுஸைப் பழக்குவது

பேஸ்பால் ஆடுகிறவர்கள் பேட்டை இரவல் கொடுப்பார்கள்; கிளவுஸைக் கொடுக்க யோசிப்பார்கள். தோல் ஒருவர் கைக்குப் படிந்துவிட்டால் இன்னொருவர் கை அதைக் கெடுத்துவிடும். ஜப்பானிய பேஸ்பால் நட்சத்திரம் இச்சிரோ சுசுகி தன் கிளவுஸைத் தானே துடைத்துப் பராமரித்தவர்.

புதுசு பலகை மாதிரி விறைத்திருக்கும். மைதானத்தின் உள்பகுதியில் நிற்கும் இன்ஃபீல்டருக்குக் கிளவுஸின் நீளம் பொதுவாக 11.25 முதல் 11.75 அங்குலம். பந்து உட்காரும் குழி ஆழமில்லாததால் பந்தைச் சட்டென்று உருவி எறியலாம். தூரத்தில் வெளிப்பகுதியில் நிற்கும் அவுட்ஃபீல்டருக்கு 12.5 அங்குலமும் அதற்கு மேலும்.

கிளவுஸுக்கான எண்ணெயைத் துணியில் கொஞ்சமாகத் தொட்டு, குழியிலும் மடிப்பிலும் தோல் வார்களிலும் தேய்த்து ஒரு இரவு விடுங்கள். இங்கேதான் பலர் கை மீறுவார்கள். ஊற்றி ஊறவைத்தால் தோல் கனத்துத் தொளதொளத்துவிடும். அப்புறம் மீட்க வழியில்லை. மைக்ரோவேவ் யோசனையும் வேண்டாம். தோல் வறண்டு வார் அறும்.

பிறகு மரச்சுத்தியால், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள தோல் வலைக்குக் கீழே, ஆள்காட்டி விரலின் அடியில், அதாவது பந்து வந்து உட்கார வேண்டிய இடத்தில் தட்டுங்கள். கட்டைவிரல் பக்கத்தையும் சுண்டுவிரல் பக்கத்தையும் சேர்த்து மடக்கி மடக்கி விடுங்கள். இதெல்லாம் பாதி வேலைதான். மீதியைத் தினமும் கேட்ச் பிடித்துத்தான் முடிக்க வேண்டும்.

எடுத்து வைக்கும்போது குழியில் பேஸ்பாலையே வையுங்கள், சுற்றளவு 9 அங்குலம். 12 அங்குல சாஃப்ட்பால் வைத்தால் குழி அகன்றுவிடும். மழையில் நனைந்தால் நிழலில் உலர்த்துங்கள்.