மாம்பழத் தோலில் இருந்து பொலிபீனோல்: யாழ்ப்பாணக் குறிப்புகள்

யூன் 9

மாம்பழத் தோலில் உள்ள பொலிபீனோலை (தாவரங்களில் உள்ள ஒட்சியேற்ற எதிர்ப்புச் சேர்மங்கள்) இரண்டு கரைப்பான்களில், எதனோலிலும் யூடெக்டிக்கிலும், பிரித்தெடுத்துப் பார்க்கிறேன். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் மலிந்துவிட்டது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கத்துச் சாறுக் கடைகளில் தோலை வாளியோடு தருவார்கள். அன்றன்று சீவிய தோல்தான் வேணும். இரவு கிடந்தால் நொதியம் பொலிபீனோலைத் தின்று தோலைக் கறுப்பாக்கிவிடும். அதை அடக்க, கழுவிய கையோடு 3 நிமிடம் ஆவி. பிறகு 50 பாகை செல்சியசில், ஒடித்தால் சடக்கென்று முறியும்வரை உலர்த்தல். முற்றத்து வெயிலில் பாய் விரித்தால் செலவில்லைத்தான், ஆனால் கரோட்டீன் வெளிச்சத்தில் போய்விடும். கையுறை கட்டாயம்: மாம்பாலில் உள்ள ரெசோசினோல் வகைகள் சிலருக்குக் கொப்புளம் போடும்.

யூன் 11

அரைத்து 0.5 மில்லிமீற்றர் அரிதட்டில் அரித்தது. மாவாக்கவேண்டாம், வடிதாள் அடைத்துக்கொள்ளும்.

முதல் கரைப்பான் எதனோலும் நீரும். 95 சதவீத எதனோல் 632 மில்லிலீற்றரை நீர் விட்டு 1 லீற்றர் ஆக்கினால் 60 சதவீதம். தூள் 10 கிராமுக்கு இது 200 மில்லிலீற்றர், 50 பாகையில் மூடிக் கலக்கியபடி அரை மணி. வெறும் சுடுநீர் மலிவு. ஆனால் பெக்டினையும் (பழப்பாகைக் கட்டியாக்கும் பொருள்) இழுத்து வந்து கூழாகி வடிய மறுக்கும். 60 சதவீத எதனோலில் பெக்டின் பெரும்பாலும் சக்கையிலேயே தங்கும். சக்கையை எறியாதீர்கள், அமில நீரில் கொதிக்கவிட்டுப் பெக்டின் எடுக்கலாம். நம்மூர் வெக்கையில் இந்தக் கலவையின் ஆவி எந்நேரமும் தீப்பிடிக்கும் நிலையில் நிற்கும்: வெந்நீர்த் தொட்டி மட்டும், திறந்த அடுப்பு கூடாது.

கிணற்றுத் தண்ணியும் கூடாது. சுண்ணாம்புக்கல் நீரின் பைகாபனேற்று காரத்தன்மை தரும். அதில் பொலிபீனோல் விரைவாகக் கபில நிறமாகும். காய்ச்சி வடித்த நீர்தான்.

யூன் 16

இரண்டாவது, யூடெக்டிக் கரைப்பான்: இரண்டு பொருட்கள் சேர்ந்து, தனித்தனியே உருகுவதைவிடத் தாழ்ந்த வெப்பநிலையில் திரவமாகும் கலவை. கோலின் குளோரைட்டு (ஓர் உப்பு) 70 கிராம், கிளிசரோல் 92 கிராம் (மூல் விகிதம் 1:2), 80 பாகையில் தெளியும்வரை கலக்கல். அப்படியே பாவித்தால் பாணிபோல் தடித்து நிற்கும், தூளுக்குள் ஊறாது. நீர் 69 கிராம் சேர்த்தால் 30 சதவீதம், இளகும். இதற்குமேல் நீர் கூடக்கூட கோலின் குளோரைட்டுக்கும் கிளிசரோலுக்கும் இடையிலான ஐதரசன் பிணைப்புகள் தளர்ந்து, கடைசியில் வெறும் உப்புக் கரைசலாகிவிடும். கோலின் குளோரைட்டு காற்றில் ஈரம் உறிஞ்சும். மழைக்காலத்தில் போத்தலைத் திறந்துவைத்தபடி நிறுத்தால் விகிதமே பிழை.

யூன் 18

இங்கேதான் இடக்கு. எதனோலை 40 பாகையில் வெற்றிடத்தில் ஆவியாக்கித் திரும்ப எடுக்கலாம். யூடெக்டிக் ஆவியாகாது. சாற்றை நீரில் பத்து மடங்கு ஐதாக்கி, உறிஞ்சு பிசின் நிரலில் (பொலிபீனோலைப் பிடித்துவைக்கும் பிசின் நிரப்பிய குழாய்) மெதுவாக விட்டு, நீரால் கழுவி, 70 சதவீத எதனோலால் பொலிபீனோலை இறக்கவேணும். கழுவு நீரில் ஒரு சொட்டு வெள்ளி நைத்திரேற்று விட்டால் வெண்கலங்கல் வரக்கூடாது; வந்தால் குளோரைட்டு இன்னும் உள்ளது. கடைசியில் எதனோல் எப்படியும் தேவைப்படுகிறது என்றால், பொலிபீனோலைத் தூளாக வேண்டியவர் எதனோலோடு நின்றுகொள்வது புத்தி. சாற்றைக் கரைப்பானோடேயே பாவிக்க முடிந்தால்தான் யூடெக்டிக் இலாபம். அங்கும் ஒரு முட்டு: ஐரோப்பிய ஒன்றியம் அழகுப்பொருட்களில் கோலின் உப்புகளைத் தடை செய்திருக்கிறது. முகக் களிம்புக்கு என்றால் கிளிசரோலும் நீருமே போதும்.

யூன் 19

போலின் சோதனை (மொத்தப் பொலிபீனோலை நீல நிறத்தின் அடர்த்தியால் அளப்பது): 7.5 சதவீத சோடியம் காபனேற்று, 765 நனோமீற்றர் ஒளியில் உறிஞ்சல், ஒப்பிடக் கலிக் அமில நியமம். வெறுமை மாதிரியில் (சாறு சேர்க்காத ஒப்பீட்டு மாதிரி) அதே கரைப்பானை அதே அளவில் விடவேணும். விற்றமின் சியும் நீலம் தரும், ஆகையால் எண்ணிக்கை கூடித்தான் காட்டும். மாங்கிஃபெரின் (மாவில் உள்ள ஒரு பொலிபீனோல்) எவ்வளவு என்று இதிலிருந்து சொல்லமுடியாது, அதற்கு எச்பிஎல்சி (சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் கருவி) வேணும். மீதிச் சாறு கபிலப் போத்தலில், 4 பாகையில்.