மே 9 கப்பல்

ஜனவரி 29, வியாழன்
சிங்கப்பூரிலிருந்து 5 இரவு சொகுசுக் கப்பல் பயணம். அக்கா குடும்பம், இரண்டு அறை, நான்கு பேர். கட்டணம் 2,40,000. வரியும் துறைமுகக் கட்டணமும் தனியாக 36,000. முன்பணம் 40,000 கட்டியாகிவிட்டது, அது திரும்பாத வகை. இன்று ரத்து செய்தால் அந்த 40,000 மட்டும் போகும்.
அவர்களில் பெரியவருக்கு, அக்காவின் மாமனாருக்கு, டெஸ்ட் எடுத்தது 22-ஆம் தேதி. ரிப்போர்ட் வரவில்லை.

ஜனவரி 31, சனி
நாள் எண்ணுவதில்தான் முக்கால்வாசிப் பேர் தப்பு செய்கிறார்கள். ஏறும் நாளைச் சேர்க்கக் கூடாது. மே 8-ஐ 1 என்று வைத்துப் பின்னோக்கி எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் பிப்ரவரி 8 தொண்ணூறாம் நாள். அன்றைக்குள் மீதிப் பணம் முழுக்கக் கட்ட வேண்டும்.
அதன் பிறகு ரத்து செய்தால், 89-ஆம் நாள் முதல் 75 வரை கட்டணத்தில் 25 சதவீதம் பிடிப்பார்கள். 74 முதல் 61 வரை 50. 60 முதல் 31 வரை 75. 30-லிருந்து முழுசும் போச்சு. ரூபாயில் 60,000, பிறகு 1,20,000, பிறகு 1,80,000, கடைசியில் 2,40,000. இது இந்த முன்பதிவின் அட்டவணை. கம்பெனிக்குக் கம்பெனி மாறும், 3 இரவுக்கும் 7 இரவுக்கும் கூட மாறும்.
அந்த 36,000 வேறு கணக்கு. ஆள் ஏறாவிட்டால் கப்பல்காரர் அந்தத் தலைக்குத் துறைமுகத்துக்குக் கட்ட வேண்டியதில்லை. அதனால் கடைசி நாளில் ரத்து செய்தாலும் பொதுவாக அது திரும்பி வரும். கேட்டால் வரும். கேட்காதவர்களுக்கு ஏஜென்ட் பில்லில் அந்தத் தொகையே இருக்காது.

பிப்ரவரி 2, திங்கள்
"பாலிசிதான் எடுத்தாச்சே தம்பி, அப்புறம் என்ன பயம்?" என்கிறார் அக்கா.
பயணக் காப்பீட்டுப் பாலிசி எடுத்தது ஜனவரி 27-ஆம் தேதி, டெஸ்ட் 22-ஆம் தேதி. நடுவில் இருக்கிற ஐந்து நாள்தான் பயம். பாலிசி தொடங்கும் முன்பே அறிகுறி இருந்து டாக்டரிடமும் போயிருந்தால், அது ஏற்கெனவே இருந்த நோய் என்ற தலைப்புக்குள் போய்விடும். மறைக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். க்ளெய்மில் முதல் கன்சல்டேஷன் சீட்டைக் கேட்பார்கள். "மூன்று வாரமாக வலி" என்று டியூட்டி டாக்டர் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதும் ஒரு வரி போதும், கதை முடிந்தது.
முன்பணம் கட்டிய அன்றே எடுத்திருக்க வேண்டும். ரத்துக்கான காப்பு பாலிசி எடுத்த நாளிலிருந்தே ஓடுகிறது, மருத்துவக் காப்புதான் பயணம் தொடங்கிய பிறகு. பலருக்கு இது தெரியாததால் விசா வந்ததும் எடுக்கலாம் என்று காத்திருக்கிறார்கள். விசா மறுக்கப்பட்டால் பெரும்பாலான பாலிசிகள் தருவதும் இல்லை.

பிப்ரவரி 5, வியாழன்
ரிப்போர்ட் இல்லை.

பிப்ரவரி 7, சனி
நாளை ஞாயிறு. ஏஜென்ட் ஆபீஸ் பூட்டு. கப்பல்காரரின் கணினிக்கு ஞாயிறு கிடையாது. மீதி 2,36,000 போய்ச் சேராவிட்டால் முன்பதிவு தானாக விழும், முன்பணமும் போகும். கட்ட வேண்டும், இல்லையென்றால் 40,000-ஓடு விலக வேண்டும்.
ரசீதின் பின்பக்கத்தைப் படித்தேன். ஏஜென்டுக்குத் தனியாக ஒரு ரத்துக் கட்டணம் உண்டு, தலைக்கு இவ்வளவு என்று. கப்பல்காரரின் அட்டவணையோடு அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். விமான டிக்கெட் இன்னொரு கணக்கு.

பிப்ரவரி 8, ஞாயிறு
கட்டிவிட்டார்கள்.

பிப்ரவரி 11, புதன்
ரிப்போர்ட் வந்தது. "மாதிரி போதவில்லை, மறுபடி எடுக்கவும்." இதற்கு இருபது நாள்!

பிப்ரவரி 15, ஞாயிறு
அன்றே விமானம் பிடித்து அன்றே கப்பல் ஏறலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. 2024 நவம்பர் 30, ஃபெங்கல் புயல் அன்று சென்னை விமான நிலையம் நண்பகலில் மூடி, மறுநாள் அதிகாலையில்தான் திறந்தது. கப்பலோ புறப்பாட்டுக்கு 60, 90 நிமிடம் முன்பே ஏறுவதை நிறுத்திவிடும். வராத ஆளுக்கு 100 சதவீதம் பிடித்தம். ஒரு நாள் முன்னால் போய் அறை எடுத்துத் தங்குவது அந்த நஷ்டத்தை விட மலிவு.
புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுக்கும் பாலிசி பொதுவாக அந்தப் புயலுக்குச் செல்லாது. ஃபெங்கல் வங்கக் கடலில் தாழ்வு மண்டலமாக நான்கு நாள் சுற்றிவிட்டு, 29-ஆம் தேதிதான் பெயர் வாங்கியது.
துறைமுகத்தைத் தவறவிட்டால்? 2022 ஜூனில் சென்னையிலிருந்து வந்த கப்பலுக்குப் புதுச்சேரியில் அனுமதி கிடைக்கவில்லை, ஊரைத் தூரத்தில் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஒப்பந்தப்படி பாதையை மாற்றக் கப்பல்காரருக்கு உரிமை உண்டு. விட்டுப்போன துறைமுகத்தின் கட்டணம் திரும்பி வந்தால் அதுவே அதிகம்.

பிப்ரவரி 18, புதன்
பாலிசியில் "நெருங்கிய குடும்பம்" என்றால் கணவன் மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர், மாமனார் மாமியார். பெரும்பாலும் அவ்வளவுதான். தாய்மாமன் இல்லை! காது குத்த மடி கொடுத்தவர் செத்தாலும் க்ளெய்ம் கிடையாது.
பட்டியலில் மாமனார் இருக்கிறார். அது ஒரு நிம்மதி.

பிப்ரவரி 22, ஞாயிறு
பெரியவர் மட்டும் விலகினால்? அறையில் இரண்டு பேர் கணக்கு. ஒருவர் விலகினால் மீதி ஒருவர் அறைக்கு முழுக் கட்டணமும் தர வேண்டி வரும், மிச்சம் ஒன்றுமில்லை. அவர் இடத்தில் வேறு பெயர் போடுவது நல்ல வழி. அறையில் பழைய பெயர் ஒன்றாவது இருந்தால் பல கம்பெனிகள் குறிப்பிட்ட தேதி வரை மாற்ற விடுகின்றன. அத்தைக்குப் பாஸ்போர்ட் இருக்கிறதா, பயண நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடியா என்று கேட்டிருக்கிறேன்.
நாளை 75.

பிப்ரவரி 23, திங்கள்
நள்ளிரவு வரை நேரம் இருக்கிறது என்கிறார் அக்கா. எந்த ஊர் நள்ளிரவு? சிங்கப்பூர் நம்மை விட இரண்டரை மணி முந்தி, அங்கே 12 என்றால் இங்கே இரவு 9.30. ஏஜென்ட் கடை 6.30-க்கு மூடும். போனில் சொன்னது ரத்து ஆகாது, மெயில் போக வேண்டும், ரத்து எண் திரும்பி வர வேண்டும்.
மெயில் எழுதி வைத்தேன். 6 மணிக்குக் கேட்டேன். "டாக்டர் நாளைக்குச் சொல்றேன்னாரு தம்பி."
9.30 தாண்டியது. நாளை வரை காத்திருப்பதன் விலை கூடுதலாக 60,000 ரூபாய்.

பிப்ரவரி 24, செவ்வாய்
டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்லைடு சென்னைக்குப் போயிருக்கிறதாம்.

பிப்ரவரி 27, வெள்ளி
புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் மாசி மகத்துக்குப் பந்தல் வேலை நடக்கிறது. அந்தப் பக்கம் ஒருவர், பிரான்ஸ் குடியுரிமைக்காரர், நல்ல கேள்வி கேட்டார். அங்கத்திய வங்கியின் வீசா பிரீமியே அட்டையிலேயே பயண ரத்துக் காப்பு இருக்கிறதே, அது உதவாதா? உதவும், ஆனால் பயணத்துக்கான பணத்தை அதே அட்டையில் கட்டியிருக்க வேண்டும். அட்டை பையில் இருப்பது மட்டும் காப்பு ஆகாது.

மார்ச் 4, புதன்
தூங்கவில்லை. பல பாலிசிகளில் இன்னொரு விதி இருக்கிறது, போக முடியாது என்று தெரிந்த உடனே ரத்து செய்ய வேண்டும். தள்ளிப்போட்டால், தெரிந்த நாளில் எவ்வளவு பிடித்தமோ அவ்வளவுதான் கிடைக்கும். ஆனால் தெரியாமல் காத்திருப்பதற்கு எந்தப் பத்தியிலும் இடம் இல்லை. பயணத்துக்குத் தகுதியில்லை என்று தேதி போட்டு டாக்டர் எழுதித் தர வேண்டும். ரிப்போர்ட் இல்லாமல் எந்த டாக்டர் எழுதுவார்?
இவர்கள் பாலிசியில் ரத்துக்குத் தலைக்கு 500 டாலர்தான் வரம்பு, அதிலும் ஒரு பகுதி கழியும். ஒரு கோடி மருத்துவக் காப்பு என்று முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து வாங்கியது.

மார்ச் 6, வெள்ளி
அத்தையின் பாஸ்போர்ட் ஆகஸ்டில் முடிகிறது.

மார்ச் 8, ஞாயிறு
62.

மார்ச் 9, திங்கள்
61. இன்று 1,20,000, நாளை 1,80,000. ஏஜென்டிடம் 6.30-க்குப் பிறகும் மெயிலைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கப்பல்காரருக்கு நேராக ஒரு நகல் போகும்படி முகவரியும் போட்டாகிவிட்டது. பொருள் வரியில் முன்பதிவு எண், பயண நாள், "நான்கு பேரும் ரத்து", அதற்கும் கீழே 36,000 வரித் தொகை தனியாகக் கேட்டு ஒரு வரி.
மணி 8.50. அக்கா லைனில் வருகிறார்.