ஃபிஷர் வலி: 'மூலம்' என்று மருந்து வாங்குவதற்கு முன்

வெளிக்குப் போகும்போது பிளேடால் கீறுகிற மாதிரி வலி. போய் வந்த பிறகும் ஒன்றிரண்டு மணி நேரம் உட்கார முடியாத எரிச்சல். கழுவும்போது கொஞ்சம் சிவப்பு ரத்தம். நம்மூரில் இதற்கு உடனே 'மூலம்' என்று பெயர் வைத்து, மூல மாத்திரையும் வாங்கிவிடுவார்கள். ஆனால் உள்மூலம் பெரும்பாலும் வலியில்லாமல்தான் ரத்தம் கசியும். வலி உயிரை எடுக்கிறதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃபிஷர், அதாவது ஆசனவாய் வெடிப்பு.

டாக்டர் இடப்பக்கமாகப் படுக்கச் சொல்லி, முழங்காலை மடக்க வைத்து, பிட்டத்தை மெல்ல விலக்கிப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். பின்பக்க நடுக்கோட்டில்தான் அதிகம் வரும். பெண்களுக்குச் சில சமயம் முன்பக்கமும் வரும். வலி கடுமையாக இருக்கும்போது விரலோ கருவியோ விட்டுச் சோதிப்பதைத் தள்ளிப்போடலாம், அதைக் கேட்கத் தயங்க வேண்டாம். வெடிப்பு பக்கவாட்டில் இருந்தாலோ, ஒன்றுக்கு மேல் இருந்தாலோ காசநோய், கிரோன்ஸ் (குடல் அழற்சி நோய்) போன்றவற்றையும் தேட வேண்டும்.

ஆறாததற்குக் காரணம், ஆசனவாயை இறுக்கி மூடி வைக்கும் உள் சுருக்குத்தசை. அது நம் சொல்பேச்சுக் கேட்காத தசை. வலியில் இறுகும், இறுகினால் அங்கே ரத்த ஓட்டம் குறையும், புண் அப்படியே நிற்கும். பயந்து அடக்கி வைத்தால் மலம் கெட்டியாகி மறுபடியும் கிழிக்கும்.

அதனால் முதல் வேலை மலத்தை இளக்குவது. இசப்கோல் உமி ஒன்றிரண்டு டீஸ்பூன், ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கெட்டியாவதற்குள் குடிக்க வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான்: தண்ணீர் போதாவிட்டால் உமியே அடைத்துக்கொள்ளும். பலன் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை இரவில் லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி சிரப் 15 மி.லி. சேர்த்துக் கொடுப்பதுண்டு. இரும்புச்சத்து மாத்திரையோ, டிரமடால் வகை வலி மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், இரண்டுமே மலச்சிக்கல் தரும்.

அடுத்தது இளஞ்சூட்டு நீரில் உட்காருவது. அகலமான டப்பில் 10 முதல் 15 நிமிடம், தினம் இரண்டு மூன்று தடவை, முக்கியமாக வெளிக்குப் போய் வந்ததும். வெறும் தண்ணீர் போதும். டெட்டால் ஊற்றினால் எரிச்சல்தான் மிச்சம். ஹெல்த் ஃபாசெட்டையும் வேகமாகத் திறந்து புண்ணில் அடிக்காதீர்கள்.

இறுகிய தசையைத் தளர்த்தும் களிம்பில் 2 சதவீத டில்டியாசெம் வழக்கமாக எழுதப்படுகிறது. பட்டாணி அளவு எடுத்து, தினம் இருமுறை, ஆசனவாய் விளிம்பிலும் சற்றே உள்ளேயும் விரலால் தடவ வேண்டும். டியூபோடு வரும் நீள மூக்கை உள்ளே செருகினால் அதுவே புண்ணை உரசும். நைட்ரோகிளிசரின் களிம்பும் உண்டு, ஆனால் தலைவலி பலரை விரட்டிவிடும். சில்டெனாஃபில் (வயாகரா) சாப்பிடுபவர்கள் அதைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் ஆபத்தாக இறங்கிவிடும். லிக்னோகெய்ன் ஜெல் மரத்துப்போக வைக்குமே தவிர ஆற்றாது.

வலி ஒரு வாரத்தில் குறைந்துவிடலாம். களிம்பை அப்போதே நிறுத்துவதால்தான் பலருக்குத் திரும்ப வருகிறது. ஆறு முதல் எட்டு வாரம் போட வேண்டும், உமியை அதற்குப் பிறகும் தொடரலாம். அதற்கும் ஆறாமல், வெளியே சின்னத் தோல்மடிப்பு வளர்ந்துவிட்டால் அது நாள்பட்ட ஃபிஷர். அப்போதுதான் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி அல்லது உள்தசையைச் சிறிது வெட்டிவிடும் ஆபரேஷன் பற்றிய பேச்சு. ஆபரேஷன் நன்றாகப் பலிக்கும். ஆனால் சிலருக்கு வாயுவையோ மலத்தையோ அடக்குவதில் தளர்ச்சி வரலாம். சுகப்பிரசவத்தில் கிழிசல் ஏற்பட்ட பெண்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

காய்ச்சலோடு விண்விண்ணென்று ஓயாமல் வலித்து, பக்கத்தில் வீக்கமும் இருந்தால் அது சீழ்க்கட்டியாக இருக்கலாம். அன்றைக்கே சர்ஜனிடம் போய்விடுங்கள்.