கேஸ் எங்கே போகிறது?

ஜனவரி 4, 2025, சனி

ஹிகின்சன் நெடுஞ்சாலையில் பாதி தூரம் வருவதற்குள் கார் ஏசியின் காற்று வெதுவெதுப்பாகிவிட்டது. அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி ஒன்றும் சொல்லாமல் வந்தார். வெளியே மழை. கண்ணாடியை இறக்கினால் அவர் நனைந்துவிடுவார், ஏற்றினால் முன்கண்ணாடியில் ஆவி படிகிறது. தென்னாப்பிரிக்காவில் ஜனவரி கோடைக்காலம்; டர்பனின் இந்தப் புழுக்கத்தில் ஏசி சொகுசு அல்ல. உள்ளிருக்கும் ஈரத்தை அது இழுத்தால்தான் சாலையே கண்ணுக்குத் தெரியும்.

நவம்பரில்தான் ஒரு கடையில் ஏசிக்குக் கேஸ் நிரப்பினோம். "தீர்ந்துபோயிருந்தது" என்றார்கள். ஏழு வாரம்கூடத் தாங்கவில்லை.

ஜனவரி 5, ஞாயிறு

மாமா சாட்ஸ்வர்த்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். கடைக்காரர்கள் சொன்னதைக் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "தீர்ந்துபோக அது என்ன பெட்ரோலாம்மா? மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது."

எஞ்சினை அணைத்துவிட்டு அழுத்த அளவுமானியைப் பொருத்தினார். வெயில் 30 டிகிரி. உள்ளே ஆர்-134ஏ, அதாவது அந்தக் குளிரூட்டும் கேஸ், கொஞ்சமேனும் திரவமாக இருந்திருந்தால் 670 கிலோபாஸ்கலை ஒட்டிக் காட்டியிருக்க வேண்டும். முள் 180-இல் நின்றது. கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸருக்கு வேண்டிய எண்ணெய் கேஸோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. அதனால்தான் அழுத்தம் இவ்வளவு குறைந்ததும் ஒரு சுவிட்ச் கம்ப்ரஸரை ஓடவிடாமல் நிறுத்திவிடுகிறது.

கசிவை அடைக்கும் டப்பா மருந்து ஒன்று விற்கிறார்களே என்று கேட்டேன். கூடாது என்றார். ஈரம் பட்டால் அது உள்ளேயே இறுகிவிடும். பிறகு கேஸை உறிஞ்சும் இயந்திரமும் அடைத்துக்கொள்ளும்.

ஜனவரி 11, சனி

கசியும் இடத்தைப் புற ஊதா ஒளியில் காட்டிக்கொடுக்கும் ஒளிரும் சாயத்தையும், கம்ப்ரஸர் ஓடும் அளவுக்குக் கேஸையும் ஏற்றினார். ஒரு வாரம் வழக்கம்போல் ஓட்ட வேண்டும். கசியும் என்று தெரிந்தே ஏற்றுவது எனக்கு உறுத்துகிறது. ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் ஒரு கிலோ வெளியேறினால், நூறாண்டுக் கணக்கில், 1,400 கிலோவுக்கு மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமமான வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. ஓட்டையைத் தேடாமல் ஆண்டுதோறும் நிரப்புகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஜனவரி 18, சனி, இரவு

முற்றத்து விளக்கை அணைத்தோம். மாமா மஞ்சள் கண்ணாடி மாட்டிக்கொண்டு புற ஊதா டார்ச்சை எடுத்தார். கம்ப்ரஸரின் முன்பக்கம் கருப்பாகவே இருந்தது. அங்கே சுழலும் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் சீல் நன்றாக இருக்கிறது. குழாய்கள், கேஸ் ஏற்றும் வால்வுகள் என்று விரற்கடை விரற்கடையாக நகர்ந்தார். கேஸின் வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சரின் மேல் மூலையில், குழாய் வந்து சேரும் இடத்தில், எலுமிச்சைப் பச்சையாக ஒரு வளையம் பளிச்சிட்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பகலில் பார்த்தபோது அங்கே எண்ணெயில் தூசி அப்பிய அழுக்கு மட்டும்தான் தெரிந்தது. அந்த அழுக்கே ஓர் அடையாளமாம். கேஸ் போகும் இடத்தில் எண்ணெயும் கசிகிறது, எண்ணெயில் தூசி ஒட்டுகிறது. உள்ளே இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் 28 ஆண்டில் இறுகிவிட்டது.

அதோடு முடிந்தது என்று நான் எழுந்தேன். மாமா எழவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து, உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டரிலிருந்து தண்ணீர் வடியும் குழாயில் டார்ச்சை அடித்தார். அதன் விளிம்பிலும் பச்சை. எவாப்பரேட்டரும் கசிகிறது. இதைப் பார்க்காமல் விட்டிருந்தால் புது ஓ-ரிங் போட்டு, கேஸ் நிரப்பி, மார்ச்சில் மறுபடி புழுங்கியிருப்போம்.

ஜனவரி 25, சனி

மிச்சமிருந்த கேஸை இயந்திரத்தால் உறிஞ்சி எடுத்தோம். மாமா அதைக் காற்றில் விடவே மாட்டார்.

எவாப்பரேட்டர் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால்தான் இருக்கிறது. மதியத்துக்குள் கைக்கு வந்துவிட்டது. தகடுகளுக்கிடையே மக்கிய இலைகள். காற்று வடிகட்டி இல்லாத வண்டி. மாமரத்தடியில் நிறுத்தி வைத்த ஆண்டுகள் எல்லாம் அதற்குள் இருந்தன. ஈரக் குப்பை ஒட்டிக் கிடந்த இடத்தில் அலுமினியம் அரித்துப்போயிருந்தது.

பிப்ரவரி 1, சனி

புது எவாப்பரேட்டர், எண்ணெய் தடவிய புது ஓ-ரிங்குகள். டிரையரை மட்டும் கடைசி நிமிடத்தில் பிரித்தார். அதிலுள்ள உறிஞ்சி மணிகள் காற்றின் ஈரத்தைக் குடித்துவிடுமாம்.

முதலில் நைட்ரஜன் ஏற்றி, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினோம். ஒரு குமிழியும் இல்லை. உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வாக்குவம் மட்டும் போட்டுப் பார்த்தால் போதாதா என்று கேட்டேன். வெறுமை, ஓ-ரிங்கை உள்ளே இழுத்துப் பொருத்திக்கொள்ளும். அழுத்தம் ஏறும்போதுதான் அது வாயைத் திறக்கும் என்றார். பிறகு 45 நிமிடம் வாக்குவம், அரை மணி நேரம் காத்திருப்பு. முள் அசையவில்லை. பானட்டின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் எத்தனை கிராமோ அத்தனை கிராம் கேஸ், தராசில் வைத்து.

பிப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம்

அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப்போனேன். காவடிக்காரர்களோடு வெயிலில் நடந்துவிட்டுத் திரும்பியவர், வண்டியில் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். வீடு வரும்வரை தூங்கினார்.

பிப்ரவரி 22, சனி

இரவு நானே வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தேன். வடிகுழாயிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. பச்சை இல்லை.