குளம் தூர்வாருமுன் பேசி முடிக்க வேண்டியது

ஊர்க்குளத்தைத் தூர்வாரலாம் என்றால் கூட்டத்தில் யாரும் மறுக்க மாட்டார்கள். சிக்கலே அங்குதான். ஆயக்கட்டு (குளத்துப் பாசனம் பெறும் நிலம்) விவசாயிக்கு மதகு வழியாக வயலுக்குத் தண்ணீர் பாய வேண்டும். தெருக்காரர்களுக்குக் கிணறும் போரும் ஊற வேண்டும். மாடு வைத்திருப்பவருக்குச் சித்திரையிலும் கொஞ்சம் தண்ணீர் கிடக்க வேண்டும். இவை ஒன்றோடொன்று முட்டும். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அங்கே நிற்கும் தண்ணீர் தானாக வயலுக்குப் போகாது. மாட்டுக்கு உதவும், மண் விட்டால் நிலத்தடிக்கும் இறங்கும். எது முதல் நோக்கம் என்று முடிவாகாமல் ஆழத்தை முடிவு செய்ய முடியாது.

அதனால் முதல் கூட்டத்தில் ஆளுக்கொரு தாள் கொடுத்து, "வரும் தை மாதம் எதைப் பார்த்தால் இந்த வேலை பலித்தது என்பீர்கள்?" என்று எழுதச் சொல்லுங்கள். வாயால் கேட்டால் முதலில் பேசியவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள்.

பல ஊர்களில் ஜேசிபி ஓடிய மணியையும் லோடு எண்ணிக்கையையும்தான் கணக்காகச் சொல்கிறார்கள். இரண்டையும் நம்பிக் குளத்தை எடைபோட முடியாது. ஒரு ஏக்கரில் ஓரடி ஆழம் எடுத்தால் 43,560 கன அடி, அதாவது சுமார் 12.3 லட்சம் லிட்டர் கூடுதலாகப் பிடிக்கும். 100 கன அடி ஒரு யூனிட். மூன்று யூனிட் டிப்பரில் 145 லோடு வர வேண்டும். ஆனால் தோண்டிய மண் தளர்ந்து உப்பிப் பெருகும். கால் பங்கு உப்பினாலே லோடு 180-ஐத் தாண்டிவிடும். லோடை வைத்து ஆழத்தைக் கணக்கிட்டால் இல்லாத கொள்ளளவு காகிதத்தில் ஏறும். குழியை அளக்க வேண்டும். அங்கங்கே சிறு மண்திட்டுகளைத் தோண்டாமல் விட்டால் பழைய தரைமட்டம் தெரியும், நாடா பிடித்துப் பார்த்துவிடலாம். அளந்த பிறகு திட்டுகளை எடுத்துவிடுங்கள்.

பணம் பாதியில் தீர்ந்தால் எதை விடுவது என்பதையும் அன்றே ஒரு பொதுத் தாளில் எழுதுங்கள். செய்வதில் என் வரிசை: முதலில் வரத்துக் கால்வாய், பிறகு மதகும் கலிங்கும் (மிகை நீர் வழியும் இடம்), கடைசியில்தான் தூர். கால்வாய் அடைந்துகிடந்தால் எவ்வளவு தோண்டினாலும் குளம் நிறையாது. கரையின் அடியை ஒட்டித் தோண்டுவதில்லை, அடியிலிருக்கும் களிமண் படுகையை உடைப்பதில்லை என்ற இரண்டும் பேரத்துக்கு அப்பாற்பட்டவை. உடைத்தால் தண்ணீர் நிற்காது. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் கீழ் என்றால் குளம் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் நீர்வளத்துறையின் பொறுப்பு. அனுமதி வாங்குபவர் யார் என்பதும் தாளில் இருக்கட்டும்.

மழை நம் கையில் இல்லை. ஆகவே "குளம் நிரம்ப வேண்டும்" என்பதை மட்டும் வெற்றியாக வைக்காதீர்கள். புரட்டாசிக்குள் கால்வாய் முழு நீளமும் திறந்திருக்க வேண்டும், முதல் நல்ல மழையில் தண்ணீர் குளத்தை எட்ட வேண்டும் என்று வையுங்கள். கிணற்று மட்டத்தை வேலைக்கு முன்பே குறித்துவிட வேண்டும். பிறகு தையில் அதே நான்கைந்து கிணறுகளில் அதே ஆள் அளக்கட்டும், அந்த ஆண்டு மழையளவையும் பக்கத்தில் எழுதட்டும். முன்னளவு விட்டுப்போனால் பின்னால் எதைச் சொன்னாலும் வாதம்தான் மிஞ்சும்.

இந்தப் பொதுத் தாளில் எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகு ஜேசிபிக்கு முன்பணம் கொடுங்கள்.