பில்லைக் கட்டாமல் மட்டும் வந்துவிடாதீர்கள்

ஓட்டலில் சாப்பிடும்போது சாம்பார் வாளி சரிந்து என் பட்டுச்சேலையில் கொட்டியது விபத்து. சர்வரைத் திட்டிப் பயனில்லை. அதற்குப் பிறகு அந்த ஓட்டல் செய்த ஒவ்வொன்றும்தான் வயிற்றெரிச்சல்.

முதலில் கை கழுவும் சோப்பைத் துணியில் நனைத்துக்கொண்டு வந்து பரபரவென்று தேய்த்தார்கள். மஞ்சளில் சோப்பின் காரம் பட்டால் சிவந்துவிடும். மஞ்சள் கறை கண்ணெதிரே செங்கறையானது. தேய்த்த இடத்தில் பட்டு நூலும் பிசிறடித்துவிட்டது. உலர்ந்த டிஷ்யூவை வைத்து ஒற்றி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் எண்ணெய்ப் பிசுக்குக்கு டால்கம் பவுடர் தூவலாம். இஸ்திரி போடவே கூடாது. டிரைகிளீனரிடம் சாம்பார் கொட்டியதையும் சோப்பு பட்டதையும் சேர்த்தே சொல்லுங்கள். முழுதாகப் போகுமா போகாதா என்று அவரிடம் எழுதி வாங்குங்கள். பிறகு அந்தச் சீட்டுதான் சாட்சி.

அடுத்து மேனேஜர் வந்தார். "பில்லெல்லாம் வேணாம் மேடம், விடுங்க." கூடவே ஒரு ஐஸ்கிரீம். இந்தப் பெருந்தன்மையில் மயங்கக் கூடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இலவசமாகத் தரும் சேவை 'சேவை' என்ற கணக்கிலேயே வராது; பிறகு நுகர்வோராகப் புகார் செய்ய முடியாது. பிடிவாதமாகப் பில்லைக் கட்டுங்கள், ஜிபே என்றாலும் அச்சடித்த பில்லைக் கேட்டு வாங்குங்கள். பணம் கட்டியவர் வேறு, சேலைக்காரர் வேறு என்றாலும் பாதகமில்லை. கட்டியவர் சம்மதத்தோடு சாப்பிட்டவரும் நுகர்வோர்தான்.

இலையோடு சேர்த்துக் கறையைப் படம் எடுங்கள். சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி அன்றைக்கே மேனேஜருக்கு வாட்ஸ்அப் அனுப்புங்கள்; சில வாரங்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும்.

மறுநாள் இழப்பீடு கேட்டால் "முதலாளி ஊர்ல இல்ல" என்ற பல்லவி தொடங்கும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவது நல்லதுதான், ஆனால் உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஓட்டல் பதில் சொல்லாவிட்டால் புகார் அப்படியே முடங்கும்.

இழப்பீடு கேட்டு ஓட்டலுக்கு அனுப்பிய நோட்டீஸ்தான் வேலை செய்தது. அதிலும் ஒரு வில்லங்கம்: போர்டில் இருக்கும் பெயருக்கு அனுப்பினால் "அப்படி யாரும் இல்லை" என்று திரும்பி வரும். பில்லில் உள்ள 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால், லாகின் இல்லாமலே உரிமையாளரின் சட்டப்படியான பெயர் வரும். அந்தப் பெயருக்கு, 15 நாள் கெடு வைத்து, சேலை பில், டிரைகிளீனர் சீட்டு, படங்களின் நகலோடு அனுப்பினால், ஊரில் இல்லாத முதலாளி தானே போன் செய்வார்!

மசியாவிட்டால் நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு போடலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 2 வருடம் வரை அவகாசம் உண்டு. செலுத்திய தொகை என்ற இடத்தில் ஓட்டல் பில் தொகையைத்தான் எழுத வேண்டும், சேலை விலையை அல்ல. அந்தத் தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இழப்பீட்டைத் தனியாகக் கேட்க வேண்டும்.

சமாதானத்துக்கு வந்தால் பணத்தை வங்கிக் கணக்கில் வாங்குங்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற கடிதத்தை முதலில் நீட்டுவார்கள். பணம் ஏறிய குறுஞ்செய்தி வந்த பிறகு கையெழுத்துப் போட்டால் போதும்.